ஆட்டுக்கு மூஞ்சி வீங்கி மூக்கொழுகுது, மான்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?

கிடைக்காரன்

அண்ணாச்சிமாரே வணக்கம். நமக்கு வல்லநாடு பக்கம், வெளிமான் சரணாலயத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரு. 64 உருப்படி செம்மறி நிக்கி, முக்கால்வாசி வேம்பூர் பொட்டு ஆடு, மிச்சம் கீழக்கரிசல். அது போக எட்டு வெள்ளாடு, ரெண்டு பசு.

ஐப்பசி மழை இந்தத் தடவ நல்லா விட்டு வெளுத்துச்சு. மழை விட்டு ரெண்டு வாரம் இருக்கும், ஒரு தாயாடு மந்தைக்குப் பின்னாலயே நொண்டிக்கிட்டு வந்துச்சு. முள்ளு குத்திருக்கும்னு காலைத் தூக்கிப் பாத்தா முள்ளும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா குளம்புக்கு மேல மயிரு முடியுற எடத்துல செவப்பா மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம், தொட்டா காலை வெடுக்குன்னு இழுக்கு. மறுநா காலைல பாத்தா ஒதடு தடிச்சு மூஞ்சி வீங்கி குரங்கு மூஞ்சி மாதிரி ஆயிட்டு. மூக்குல சளி காஞ்சு பொருக்கு தட்டி அடைச்சிருச்சு, வாயைத் தொறந்துதான் மூச்சு விடுது. இப்ப 11 உருப்படிக்கு இருக்கு, ரெண்டு போயிட்டு, அதுல ஒண்ணு செனை.

வெள்ளாட்டுக்கு ஒண்ணும் இல்ல, பசு ரெண்டும் கல்லு மாதிரி நிக்கி.

இப்ப பிரச்சனை என்னன்னா எங்க ஊருல எல்லாரும் மானைச் சொல்லுதாங்க. மானு ராத்திரி நம்ம ஆடு குடிக்கிற குளத்துலதான் வந்து தண்ணி குடிக்கும், முந்தாநேத்து குளத்தங்கரைல ஒரு வெளிமான் வேற செத்துக் கெடந்துச்சு, அதைப் பாத்ததும் எளவட்டப் பயலுவ நாயை விட்டு விரட்டணும் வெடி போடணும்னு கெளம்பிட்டானுவ. எனக்கு மனசு ஒப்பல. மான்கிட்ட இருந்து வருமா இது? கோமாரியா, இல்ல வேற எதாவதா? வீட்டுல சின்னப்புள்ள பசும்பால் குடிக்கான், அதுக்கு எதும் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொம்பன்

கோமாரியேதான் அண்ணாச்சி, வாய்ல புண்ணு கால்ல புண்ணு வேற என்னவா இருக்கும். எங்க தாத்தா இதுக்குக் கருவாட்டுத் தண்ணி காச்சி மூங்கில் குழாய்ல தொண்டைக்குள்ள ஊத்துவாரு, ரெண்டே நாள்ல எந்திரிச்சிரும். மானை விரட்டுறதும் தப்பில்ல, காட்டுல இருந்துதான் எல்லா சீக்கும் எறங்குது.

மாட்டாஸ்பத்திரி ஐயா

தம்பி கிடைக்காரன், முதல்ல மேல சொன்னதை மட்டும் செஞ்சிராதப்பா. குழாய்ல எதையும் ஊத்தாத. கருவாட்டுத் தண்ணி நல்லதா கெட்டதாங்கிற சண்டைக்கு நான் வரல, இந்த நோயில தொண்டைத் தசையே கெட்டுப் போயிரும், ஆட்டால ஒழுங்கா முழுங்க முடியாது, நீ ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போகும். நோயில சாகாத ஆடு குழாய்ல செத்ததை என் சர்வீஸ்ல எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

நீ எழுதினதை வச்சு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஆனா அந்தக் குளம்பு வளையத்தைச் சொன்ன பாரு, அதைப் படிச்ச உடனே எனக்கு நீலநாக்கு நோய்னுதான் தோணுச்சு. கோமாரின்னா கொப்புளம் கட்டி ஒடையும், ரெண்டு பசுவும் இந்நேரம் எச்சி ஒழுக்கிக்கிட்டு நின்னிருக்கும். ஆட்டுக்கொல்லியா இருந்தா வெள்ளாட்டைத்தான் முதல்ல போட்டுப் பாக்கும், கழிச்சலும் சேந்து வரும். செம்மறிக்கு மட்டும் மூஞ்சி வீங்கி, காய்ச்சல் 105, 106ன்னு ஏறி, நொண்டி நடந்து, பக்கத்துல நிக்கிற வெள்ளாடும் மாடும் அசையாம நிக்குதுன்னா அது வேற கதை. பருவமும் பொருந்துது, நம்ம பக்கம் இது வடகிழக்குப் பருவமழையைத் தொத்திக்கிட்டு வர்ற சீக்கு, ஐப்பசியில இருந்து தை வரைக்கும் இருக்கும். 1997, 98ல தமிழ்நாடு ஆந்திரா கர்நாடகா மூணுலயும் சேத்து ஒரு அலை அடிச்சது, அப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன், மந்தை மந்தையா பாத்தோம்.

இப்ப மான் கதைக்கு வர்றேன். இது ஒரு ஆட்டுல இருந்து பக்கத்து ஆட்டுக்கு மூச்சுக்காத்துலயோ ஒரே குளத்துத் தண்ணியிலயோ ஒட்டுற சீக்கு இல்ல. நடுவுல ஒரு பூச்சி வேணும். கூலிகாய்ட்ஸ்னு பேரு, கொசு இல்ல, கொசுவை விட ரொம்பச் சின்னது, ஒண்ணுல இருந்து மூணு மில்லிமீட்டர், றெக்கைல புள்ளி புள்ளியா இருக்கும், சாதா கொசுவலை ஓட்டைக்குள்ளயே நுழைஞ்சிரும். பொட்டைப் பூச்சிதான் கடிக்கும். கிருமி இருக்கிற ஒரு உருப்படியோட ரத்தத்தைக் குடிச்சு, அது பூச்சி ஒடம்புக்குள்ள பெருக, நம்ம வெக்கைக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அப்பறம் அடுத்த உருப்படியைக் கடிக்கும்போது எறங்கும். கடிபட்ட ஆட்டுக்கு இன்னொரு வாரம் கழிச்சுத்தான் காய்ச்சல். மழை விட்டு ரெண்டு வாரம்னு நீயே எழுதியிருக்க, கணக்குப் போட்டுப் பாரு.

மானுக்கு இந்தக் கிருமி வருமான்னா வரும். இந்தியாவுல மான் வகைகள்ல எதிர்ப்புச் சத்து இருக்கிறதைப் பாத்திருக்காங்க, அதாவது என்னைக்கோ கடி வாங்கி ஆறியிருக்கு. ஆனா உன் கிடைக்குப் பக்கத்துல கிருமியை ரத்தத்துல வச்சுக்கிட்டு ஒண்ணுமே காட்டாம நிக்கிற உருப்படி எதுன்னு யோசி. மாடுப்பா. மாட்டு ரத்தத்துல இது வாரக்கணக்குல நிக்கும், மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு பாலும் கறக்கும். அந்தப் பூச்சிக்கும் மாடுன்னா ரொம்பப் பிடிக்கும். ராத்திரி எப்பவாவது வந்து தண்ணி குடிச்சிட்டுப் போற மானைக் கைகாட்டுறதுக்கு முன்னாடி தொழுவத்தைப் பாரு.

வைத்தியம்னு எடுத்துக்கிட்டா இதுக்குக் கிருமியைக் கொல்ற மருந்து கெடையாது. நெழல்ல கட்டு, வெயில் பட்டா மூஞ்சி இன்னும் மோசமாகும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை லேசா, ரோஸ் கலர் வர்ற அளவுக்கு மட்டும் கலந்து வாயைக் கழுவு, போரிக் ஆசிட் கலந்த கிளிசரின் தடவு, மூக்குப் பொருக்கை வெந்நித் துணியால ஊற வச்சு மெதுவா எடு. பசும்புல்லு, எளசான தழை, கஞ்சின்னா கொஞ்சூண்டு, கிண்ணத்துல வை, அதுவா குடிக்கட்டும். புண்ணுல சீழ் வைக்காம இருக்க ஆன்டிபயாடிக்கும் வலிக்கு ஊசியும் டாக்டர் போடுவாரு. முக்கியமா ஒண்ணு, மந்தைக்கே ஒரே ஊசியை வச்சுக் குத்துறவன் எவனையும் உள்ள விடாத. பூச்சி ஒண்ணு ஒண்ணாக் கடிச்சுப் பரப்புற வேலையை அவன் அரை மணி நேரத்துல முடிச்சிருவான்.

பாலுக்குப் பயப்படாத, நீலநாக்கு மனுஷனுக்கு வராது. 1962க்கு போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு, மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுல சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லு. பசு ரெண்டுக்கும் சேத்து எடுக்கச் சொல்லு, மறந்துராத.

செத்த மானைத் தொடாத, யாரையும் அறுக்கவும் விடாத, வனத்துறைக்குச் சொல்லிரு. அதுக்கு இதுதான் காரணம்னு நாமளா முடிவு கட்டக் கூடாது.

கிடைக்காரன்

ஐயா ரொம்ப நன்றி. போன் போட்டாச்சு, நாளைக்கு வாராங்களாம். ஒரே ஒரு சந்தேகம், 11 ஆட்டுக்கும் வாயைத் தொறந்து பாத்துட்டேன், நாக்கு தடிச்சு செவந்துதான் கெடக்கு, ஒண்ணுக்குக் கூட நீலமா இல்லியே?

மாட்டாஸ்பத்திரி ஐயா

அந்தப் பேரை நம்பி ஏமாந்தவங்க நெறைய. நாக்கு நீலமாகுறது ரொம்பக் கடுமையா அடிச்ச ஒண்ணு ரெண்டுக்குத்தான். பேரு தென்னாப்பிரிக்காவுல வச்சது, ஐரோப்பாவுல இருந்து மெரினோ செம்மறியைக் கொண்டு போய் அங்க எறக்கினாங்க, அது பொத்து பொத்துன்னு விழுந்துச்சு, நாக்கைப் பாத்துட்டு அந்த ஊரு பண்ணைக்காரங்க அவங்க பாஷைல ப்ளவ்டாங்னு சொன்னாங்க. அந்த மண்ணுலயே காலங்காலமா இருந்த காட்டு மான், எருமைக்கெல்லாம் நோய்க்குறியே காட்டல. 1944ல டு டாய்ட்னு ஒருத்தர்தான் இந்தப் பூச்சியாலதான் பரவுதுன்னு அங்க நிரூபிச்சாரு. நம்ம நாட்டுல முதல்ல பதிவானது 1964ல, மகாராஷ்டிராவுல.

ஒஹாயோ வாசி

இழையைப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. நான் ஒஹாயோல இருக்கேன், ஐ.டி. ஆளுதான், ஆனா பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போறவர், அவர் மூலமா இந்தச் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். இங்க கதை அப்படியே தலைகீழ். இங்க வெள்ளைவால் மான்தான் சாகுது, மாடு சும்மா நிக்குது. நீலநாக்குக்குப் பங்காளி வைரஸ் ஒண்ணு இருக்கு, ஈ.ஹெச்.டி.ன்னு சொல்றாங்க, அதே மாதிரி பொடிப்பூச்சிதான் பரப்புது, 1955ல நியூஜெர்சில மான்கள்ல முதல்ல கண்டுபிடிச்சது. 2012ல நல்ல வறட்சி வந்தப்போ மிச்சிகன் நெப்ராஸ்கா பக்கமெல்லாம் மான் ஏகத்துக்கும் செத்துச்சு. வறட்சில எப்படிப் பூச்சின்னு நானும் கேட்டேன், குளம் வத்த வத்த ஓரத்துல சேறு வெளிய தெரியுது, அந்தச் சேறுதான் அதுக்குத் தொட்டில்ங்கறார்.

செத்த மான் எல்லாம் தண்ணிக்குப் பக்கத்துலயே கெடக்கும், காய்ச்சல் தாங்காம தண்ணியைத் தேடிப் போய் விழுந்துரும். அதனால கிடைக்காரன் அண்ணன் குளத்தங்கரைன்னு எழுதினதைப் பாத்ததும் எனக்கு டக்குன்னு அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா இங்க நல்ல உறைபனி ஒண்ணு விழுந்தா பூச்சி செத்து சீக்கும் நின்னுரும். வல்லநாட்டுல பனிக்கு எங்க போறது.

மாட்டாஸ்பத்திரி ஐயா

நல்ல விஷயம் சொன்னீங்க ஒஹாயோ தம்பி. ஒரே குடும்பத்து வைரஸ், ஆனா எந்த ஊருல எந்த விலங்கு விழுதுங்கிறது மாறும். இங்க காட்டு மான் கொத்துக்கொத்தா செத்ததா நான் பாத்ததில்ல, அதனாலதான் அந்த ஒரு மானை வச்சு எதும் சொல்ல வேணாம்னேன்.

டச்சுக்காரன்

நெதர்லாந்து தெற்கு மூலைல இருந்து எழுதறேன்ங்க, சொந்த ஊரு காங்கயம் பக்கம். பனி காப்பாத்தும்ங்கற நம்பிக்கையை எங்க ஊரு ஆளுங்ககிட்டச் சொன்னீங்கன்னா சிரிப்பாங்க. 2006 ஆகஸ்ட்ல இந்தப் பக்கம், பெல்ஜியம், ஜெர்மனி எல்லாம் ஒரே நேரத்துல நீலநாக்குக் கிருமியில எட்டாம் வகை வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தக் குளிருக்கு இதெல்லாம் வராதுன்னுதான் நெனச்சிருந்தாங்க, தெக்க இருந்து வர்ற பூச்சி இங்க இல்லயேன்னு. இங்கயே இருந்த உள்ளூர்ப் பூச்சி அந்த வேலையை எடுத்துக்கிச்சு. குளிர்காலம் வந்துச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க, 2007ல அதை விட மோசமா எந்திரிச்சது, காத்துலயே பூச்சி அடிச்சிட்டுப் போயி கடலைத் தாண்டி இங்கிலாந்துல எறங்குச்சு. 2008ல பரவலா தடுப்பூசி போட்ட பின்னாடிதான் அடங்குச்சு. மறுபடி 2023 செப்டம்பர்ல மூணாம் வகை. பழைய தடுப்பூசி அதுக்குக் கேக்கல, ஏன்னா ஒரு வகைக்குப் போட்டது இன்னொரு வகையைத் தடுக்காதாம்ங்க. பத்தாயிரக்கணக்குல செம்மறி போயிருச்சு. சைக்கிள்ல போற வழில தெனம் பாக்குற ஒரு மந்தை, ரெண்டு மாசத்துல பாதியாயிருச்சு.

மான் விஷயத்துல ஸ்பெயின்காரங்க சொல்றது வேறங்க. அங்க செம்மான் நெறைய, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தடுப்பூசி போட்டு முடிச்ச பின்னாடியும் மான்கிட்ட கிருமி சுத்திக்கிட்டே இருக்கலாம்னு பயப்படறாங்க. அதனால மானுக்குச் சம்பந்தமே இல்லைன்னும் சொல்லிர முடியாதுங்க ஐயா.

மாட்டாஸ்பத்திரி ஐயா

சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்லலைங்க. மானை விரட்டினா ஆடு பொழைக்கும்ங்கிறதைத்தான் இல்லைங்கறேன். விரட்டின மான் எங்க போகும், அடுத்த ஊரு குளத்துக்குப் போகும், பூச்சி இங்கயேதான் இருக்கும். இன்னொண்ணு, நாமதான் எப்பவும் வாங்குறோம் காடு குடுக்குதுன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு. மாட்டுத் தோல்கழலை நோயை எடுத்துக்கங்க, 2019ல ஒடிசாவுல முதல்ல தெரிஞ்சுது, 2022ல குஜராத் ராஜஸ்தான்ல மாடு எவ்வளவு போச்சுன்னு எல்லாரும் டிவில பாத்தீங்க. அதுவும் ஈ கொசு கடிச்சுப் பரவுறதுதான். அப்பறம் ராஜஸ்தான்ல காட்டுல திரியிற சிங்காரா மானுக்கு அதே கழலை வந்திருந்துச்சு. மாட்டுல அவ்வளவு பெரிய அலை அடிச்ச எடத்துல மானுக்கு எங்க இருந்து வந்திருக்கும்? வல்லநாட்டு வெளிமானுக்கும் நம்ம தொழுவத்துல இருந்து எதாவது போயிருந்தா அது நம்மகிட்ட வந்து சொல்லவா போகுது.

சிவகங்கை கீதாரி

டாக்டர் சொன்னதெல்லாம் சரி, நான் படிச்சவன் இல்ல, மக எழுதித் தருது. நாங்க கிடை போட ஊரு ஊராப் போறவுக. மழைக்காலத்துல கம்மாக்கரைக்குக் கீழயோ நஞ்சை ஓரத்துலயோ கிடை போட மாட்டோம், மேட்டுல காத்து ஓடுற எடமாப் பாத்துப் போடுவோம். எங்கய்யா சொல்லுவாரு, பொழுது சாயையில ஆடு காதை ஓயாம அடிச்சா அந்த எடம் ஆகாது, கிளப்பிருன்னு. என்ன காரணம்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, இப்பத்தான் இந்தப் பூச்சி பேரைக் கேள்விப்படுறேன். காத்து லேசா ஓடுனாலே அதால பறக்க முடியாது போல. நொச்சித்தழை வேப்பந்தழை போட்டு பொகை மூட்டுவோம், பொகை இருக்க மட்டும் ஆடு சும்மா நிக்கும், பொகை அடங்குனா மறுபடி காதடிக்கும்.

தடுப்பூசி ஆவணி புரட்டாசிலயே போட்டுரணும். நாங்க மூணு வருசமாப் போடுறோம். மழை எறங்குன பின்னாடி ஓடுனா ஒண்ணுக்கும் ஆகாது.

மாட்டாஸ்பத்திரி ஐயா

கீதாரி ஐயா, காதடிக்கிறதைக் கவனிச்ச உங்கய்யாவுக்கு ஒரு கும்பிடு. பூச்சி கடிக்கிறது பெரும்பாலும் அந்தி சாயுற நேரமும் விடியக்காலமும்தான், காத்து இருந்தா எழும்பாது. தடுப்பூசி வேலை செய்ய மூணு நாலு வாரம் பிடிக்கும், அதனாலதான் ஆவணிக் கணக்கு. நம்ம நாட்டுல கெடைக்கிறது அஞ்சு வகைக் கிருமியை செயலிழக்க வச்சு சேத்தது.

கிடைக்காரன்

ஒம்பது நாள் கழிச்சு வாரேன், மன்னிச்சுக்கிடுங்க. ஆம்புலன்ஸ் டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாக, ஊதா மூடி போட்ட சின்னக் குப்பில, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு. ஐயா சொன்னபடி பசுவுக்கும் எடுங்கன்னு கேட்டேன், நல்லாருக்க மாட்டுக்கு எதுக்குன்னு எங்க வீட்டுலயே சண்டை. பி.சி.ஆர். முடிவு வந்துட்டு. ஆடு நீலநாக்குதான். பசு ரெண்டுல செவலைக்கும் இருக்கு. நேத்து காலைல கூட அது நாலு லிட்டர் கறந்துச்சு, ஒரு தும்மல் கெடையாது அதுகிட்ட. டாக்டரம்மா சொன்னதும் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

மானுக்கு வனத்துறைல இருந்து ஆளு வந்தாங்க, கழுத்துலயும் தொடைலயும் கடி இருக்கு, ஊரு நாய்தான்னு சொல்லிட்டுப் போனாங்க. நாயை விட்டு விரட்டணும்னு குதிச்ச பயலுவளை அதுக்கப்பறம் காணோம்.

அப்பறம் நேத்து சாயங்காலம் ஒரு காரியம் பண்ணுனேன். தொழுவத்துக்குப் பின்னால கழனித்தொட்டி நெறைஞ்சு வழிஞ்சு, சாணி மூத்திரம் எல்லாம் கலந்து ஒரு பாய் அகலத்துக்குச் சேறு கெடக்கு, எத்தனையோ மழையா அப்படியேதான் கெடக்கு, நானும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போவேன். பொழுது சாய டார்ச்சைப் போட்டுப் பசு வயித்துக்கு அடில பாத்தேன். மொதல்ல தூசின்னு நெனச்சேன். கையை வச்சுத் தடவுனா தூசி பறக்கு. உள்ளங்கைல நசுங்குனதுல பொட்டு பொட்டா ரத்தம்.

குளத்துக்கு இங்க இருந்து அரை மைல் இருக்கும், தொழுவத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் பத்தடி. இன்னைக்குக் காலைல மம்பட்டியை எடுத்து அந்தச் சேத்தை வழிச்சு வெயில்ல பரப்பிட்டு, மண்ணடிச்சு மேடாக்கி, தொட்டிக்கும் வடிகால் வெட்டிட்டேன். ஆட்டை மேட்டுப் புஞ்சைக்கு மாத்தியாச்சு.

சீக்கு கண்டது மொத்தம் 19, அதுல அஞ்சு போயிட்டு, மிச்சம் தேறுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகாததுக்கு இப்ப தடுப்பூசி போடலாமா ஐயா? மொதல்ல நொண்டுச்சே அந்தத் தாயாடு, பொழச்சுக்கிட்டு, ஆனா கழுத்து ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்கி, எரை எடுக்கக் குனிஞ்சா வாய் வேற எங்கயோ போகுது.

மாட்டாஸ்பத்திரி ஐயா

காய்ச்சல் பாத்துட்டு இல்லாததுக்குப் போடச் சொல்லு, ஒரு ஆட்டுக்கு ஒரு ஊசி, மறுபடி சொல்றேன். ஏற்கனவே கடி வாங்கினதை அது காப்பாத்தாது, அதுக்கும் தயாரா இரு. செனையா இருக்கிறது எத்தனைன்னு டாக்டரம்மாகிட்ட முன்னாடியே சொல்லிரு. கிடாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தா கொஞ்ச நாளைக்கு அதை நம்பி விடாத, செனை நிக்காது.

கழுத்து கோணுறதும் இந்தச் சீக்குல வர்றதுதான், தசை கெட்டுப் போறதால. சிலதுக்கு மெதுவா நேராகும், சிலது அப்படியே நின்னுரும். மந்தையோட விடாத, மத்தது முட்டித் தள்ளிரும். தழையைக் கட்டி அது வாய் நிக்கிற உயரத்துக்கே தொங்க விடு.

கிடைக்காரன்

சரிங்கய்யா. அகத்தித் தழையைக் கட்டி விட்டிருக்கேன், திங்கி.